ஆத்தைக் காணோம், கதை மட்டும் இருக்கு

காஞ்சிபுரம்னா நம்ம பசங்களுக்கு ரெண்டே விஷயம்தான்: பட்டுப் புடவை, கோயில். அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிற குடும்பம் அப்படியே ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர் என்று மூன்று கோயிலைச் சுற்றிவிட்டு, காஞ்சிபுரம் இட்லியையும் ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிடும். நீங்களும் அப்படிப் போய் வந்திருப்பீங்க. ஒரே ஒரு கேள்வி. அந்த ஊரில் ஒரு ஆறு இருக்கே, அதைப் பார்த்தீங்களா?

பேர் வேகவதி. ஊருக்கு மேற்கே தாமல் பக்கமிருந்து வந்து, காஞ்சிபுரம் வழியாகப் போய், திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர வேண்டிய ஆறு. அதன் இன்றைய நிலைமைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அதன் கதை.

பிரம்மா காஞ்சியில் ஒரு யாகம் ஆரம்பித்தார், சரஸ்வதியை விட்டுவிட்டு. அவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? உலகத்தையே இருட்டாக்கினாள்; பெருமாள் விளக்கொளியாக வந்து நின்றார். அடுத்தடுத்து அவள் ஒவ்வொன்றாக ஏவிவிட, அவரும் ஒவ்வொரு உருவமாக வந்து தடுத்தார். கடைசியில் தானே ஆறாகி, யாகசாலையை அடித்துக்கொண்டு போகப் பாய்ந்து வந்தாள். வேகமாக வந்ததால் வேகவதி. பெருமாள் என்ன செய்தார் தெரியுமா? ஆயுதம் எடுக்கவில்லை. குறுக்கே படுத்துவிட்டார், அணை மாதிரி. ஆறு நின்றது, யாகம் முடிந்தது, யாகத் தீயிலிருந்து வரதராஜர் வந்தார். தூப்புல், வேளுக்கை, அட்டபுயகரம், திருவெஃகா, அத்திகிரி என்று காஞ்சியின் பெருமாள் கோயில்களை ஒரே நூலில் கோத்த கதை இது.

அவர் படுத்த இடம்தான் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிற திருவெஃகா. 'வேகா அணை' என்பது திரிந்து வெஃகணையாகி, வெஃகா ஆனது என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையிலேயே இங்கே பள்ளிகொண்ட பெருமாள் வருகிறார். அவ்வளவு பழைய இடம். வரதர் கோயில் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இருக்காது.

ஊரின் இன்னொரு பக்கம், ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வாங்க. மாமரத்தடியில் அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்கிறாள். சோதிக்க நினைத்த சிவன் கம்பை ஆற்றில் வெள்ளத்தை விடுகிறார். தண்ணீர் ஏறி வருது. அவள் ஓடவில்லை, லிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதனால் சாமிக்குத் 'தழுவக் குழைந்தவர்' என்று பேர். மண் லிங்கம் என்பதால் இன்றைக்கும் அதற்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது.

சைவக் கதை ஒன்று, வைணவக் கதை ஒன்று. இரண்டிலும் வில்லன் பொங்கி வருகிற ஆறுதான். இரண்டிலும் யாரோ ஒருவர் உடம்பை வைத்தே தடுக்கிறார். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. வெள்ளத்தைப் பார்த்துப் பயந்த ஊர்தான் இப்படி இரண்டு கதையை வைத்திருக்க முடியும்.

நம்ம காலேஜில் இந்த மாதிரிக் கதையைச் சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் கிளம்புவார்கள். ஒருத்தர் "சும்மா புருடா" என்று சிரிப்பார். இன்னொருத்தர் "உலகின் முதல் தடுப்பணை! நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல" என்று குரூப்பில் ஃபார்வர்டு போடுவார். முதல் ஆளைவிட இரண்டாவது ஆளிடம்தான் எனக்குக் கோபம். முன்னோர் பெருமை வேணும்னா, அதே வேகவதி போய்ச் சேரும் திருமுக்கூடலுக்குப் போங்க. அங்கே பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கு. 15 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி, அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்கள் என்று பட்டியலே போட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு கல்லூரியும் ஹாஸ்டலும். மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்கூட உண்டு. (நம்ம ஹாஸ்டலில் சுடுதண்ணிக்கே வரிசை.) கல்லில் ஆதாரம் இவ்வளவு இருக்கும்போது, புராணத்துக்குள் சிமென்ட் கலவை தேடுவானேன்?

புராணத்தை புராணமாகவே கேட்போம். ஆனால் அதில் வருகிற ஆறு நிஜம். அதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். இன்று வேகவதியில் மழைக்காலம் தவிர ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. கம்பை ஆற்றின் பேரோ கோயிலுக்குள் இருக்கிற தீர்த்தத்தோடு நின்றுபோச்சு. 2019இல் அத்திவரதரைப் பார்க்க 48 நாளில் சுமார் 1 கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேர் வந்த ஊரில் அந்த ஆற்றைப் பற்றி ஒரு பேச்சு கேட்டீங்களா?

2015 வெள்ளத்தில் வேகவதிக்குத் தன் பேர் ஞாபகம் வந்தது. கரையில் இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கப்புறம் ஆற்றோரக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கீழ்கதிர்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றும் வேலை தொடங்கியது. வெள்ளத்தில் யாரும் சாகக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆற்றைக் கெடுத்தது அந்தக் குடிசைகள் மட்டுமா? சாக்கடையை ஆற்றுக்குத் திருப்பிவிட்ட மாடி வீடுகளும் கடைகளும் லாட்ஜுகளும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

திருவெஃகாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், தன்னைப் பாடச் சொன்ன பல்லவ ராஜாவிடம் முடியாது என்றார். ராஜா ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் சொன்னதால் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். ராஜா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்த பிறகு, சாட்சியாக வழக்கத்துக்கு மாறாக இடம் வலம் மாற்றிப் படுத்தாராம். 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்ற பேர் அப்படித்தான். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிருக்கை என்கிறார்கள். ஒருத்தனை வெளியேற்றினால் சாமியே கூடக் கிளம்பிவிடும் என்று கதை சொன்ன ஊர் அது.

அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, வீட்டார் கடையில் உட்கார்ந்து நூறு புடவை பிரித்துப் பார்ப்பார்கள், எப்படியும் மூணு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் திருவெஃகா போங்க. தலை எந்தப் பக்கம் இருக்குன்னு பட்டாச்சாரியாரிடம் கேட்டுப் பாருங்க, சந்தோஷமாகச் சொல்வார். வெளியே வந்ததும் "வேகவதிக்கு எப்படிப் போகணும்ணா?" என்று ஆட்டோக்கார அண்ணனிடம் கேளுங்க. சிவில் பசங்க இருந்தா, ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு எங்கேயோ இருக்கிற ஆற்றின் டேட்டாவை டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி, ஒரு பாட்டிலில் இந்தத் தண்ணியை எடுத்து வந்து நம்ம லேபில் கொடுங்க.