வளவே அருங்காட்சியகம்

அரியக்குடி என்றதும் ஒருவர்க்குத் திருவேங்கடமுடையான் கோயில் நினைவிற்கு வரும். மற்றொருவர்க்குப் பித்தளைக் குத்துவிளக்கு. இசை விரும்புவோர்க்கோ, 1890-இல் அவ்வூரிற் பிறந்து கச்சேரி முறைக்கு வடிவு தந்த இராமானுச ஐயங்கார். இவ்வூரும் இதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் தத்தம் வரலாற்றைத் தம் பழைய வீடொன்றிலேயே காத்துவைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பேழைகளை எண்ணுகிறோம். செட்டிநாட்டு வீட்டிற்குப் பேழை எதற்கு? வீடே காட்சிப் பொருள். முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் வரிசையாகச் சிற்றறைகள். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை உரியது. பெற்றோர் அவனை வேறு வைத்தபின், ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி அடுப்பு எரியும். இதனை நூலிற் படித்தால் மறந்துபோவோம். வளவில் நின்று கதவுகளை எண்ணினால் மறவோம். தூண்களோ பர்மாத் தேக்கு. கொடுக்கல் வாங்கல் தொழிலுக்காகக் கடல்கடந்தவர் அம்மரத்தை ஊருக்குக் கொணர்ந்தனர். 1942-இல் சப்பானியர் பர்மாவினுட் புகுந்தபோது அத்தொழில் நிலைகுலைந்தது. ஒரு தூணைத் தட்டினால் ஒரு வாணிகத்தின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே ஒலிக்கும்.

இத்தகைய வீடுகள் பல பிரிக்கப்பட்டு, தூண் ஓரிடமும் கதவு வேறிடமுமாக விலைபோயின. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அவற்றைக் காணலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தேடிச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஒரு நூலகம் எழுந்தது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்றைப் பெயர்த்துவந்து நிறுத்தியுள்ளனர். அழிவினின்று காத்த நற்பணிகள் இவை, குறை கூறேன். ஆயினும் பெயர்த்த வீட்டிற்குத் தன் தெரு இல்லை. தன் ஊருணி இல்லை.

ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலர். கூரை ஓடு மாற்றவே பெரும்பொருள் வேண்டும் என்பர். உண்மையே. எல்லா வீட்டையும் காக்க நான் கேட்கவில்லை. ஊருக்கு ஒன்று போதும். மதுரைத் தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி அருங்காட்சியகம் ஆயிற்று. அரண்மனைக்கு இயன்றது வளவிற்கு இயலாதா? முகப்பையும் வளவையும் மட்டும் ஊருக்குத் திறந்துவிட்டு, பங்காளிகள் படைப்பு நாளில் வழக்கம்போற் கூடட்டும். அறைகளில் கணக்கேடுகளும், சீராக வந்த பாத்திரங்களும், விளக்கு வார்க்கும் அச்சுகளும் இடம்பெறட்டும். காப்பாளராக அயலூர் அறிஞரை அழைக்குமுன், அவ்வீட்டில் வாழ்ந்த ஆச்சி ஒருவரை நான் அமர்த்துவேன். எந்தப் பாத்திரம் எந்தச் சடங்கிற்கு என்பதை அவரே அறிவார்.