சிறு திருட்டு: சிறை வேண்டாம், விசாரணை வேண்டும்

மதுரை பரவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு பெட்டி தக்காளியைத் திருடியவரை என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறை இல்லை, சமூக சேவைதான். இதை முழுமனதோடு வரவேற்கிறேன். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், சமூகங்களையே குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்களில் 16 பேர் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 'திருடன்' என்ற முத்திரை என்ன செய்யும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐயாயிரம் என்பது தரைக்கடை போடும் பெண்ணுக்கு அன்றைய முதல் முழுவதும் அல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருடியவரைச் சிறையில் அடைத்தால் அந்த முதல் திரும்பி வராது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையால் வரலாம். உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சிறு திருட்டுகளை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆக்கிவிட்டது. விடிகாலை வியாபாரத்தைப் போட்டுவிட்டு எந்தக் கடைக்காரர் கோர்ட்டுக்கு அலைவார்? புகார் எடுபடாத இடத்தில், பிடிபட்டவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும் கொடுமைதான் வளரும். தண்டனை இப்படியே இருக்கட்டும். போலீஸ் உடனே விசாரிக்கும்படி அந்த ஒரு விதியை மத்திய அரசு திருத்த வேண்டும்.