பேக் கவருக்குள் போகிற அழகுக்கு எதற்கு இவ்வளவு விலை?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். "டீச்சர் ரிடையர் ஆகியும் பாடம் நடத்துறத விடல" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சில் சிரித்தவர்களையே முப்பது வருஷம் சமாளித்தவள் நான்.

என் அக்கா விழுந்த செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறாள். எப்படி விழுந்தாள் என்று கேட்டவர்களிடம் "இருட்டுல கால் வழுக்கிடுச்சு" என்று மட்டும் சொல்லிவைத்தேன். முழுதாகச் சொல்லவில்லை. நேற்று அவள் பேரன் பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு போன் படத்தை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு செய்தி: "சின்னப் பாட்டி, பாட்டிக்குப் புது போன் பார்த்திருக்கேன். டைட்டானியம் பாடி. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

கீழே விழுந்தது போன் இல்லையடா கண்ணா, உன் பாட்டி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனைத் திட்டுவதற்காக இல்லை. பாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை அவன். அவனைப் போலவே பாசத்தோடு தப்பான பொருளை வாங்கி ஊருக்கு அனுப்புகிறவர்கள் உங்களிலும் நிறைய பேர் இருப்பீர்கள்.

அக்கா வீடு பழைய ஓட்டு வீடு. குளியலறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேரன் ஒரு போன் வாங்கிக்கொடுத்தான். கம்பெனி பெயர் வேண்டாம். தகடு மாதிரி மெல்லிசு. முன்னும் பின்னும் கண்ணாடி. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. நானும் அதைத் தடவிப் பார்த்து, நம் பிள்ளை இப்படி ஒன்று வாங்கித் தரவில்லையே என்று உள்ளூரப் பொறாமைப்பட்டேன். அதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

புதிதில் அது சாயங்காலம் வரை தாங்கியது. மூன்றாவது வருஷம் மதியம் அரை மணி வீடியோ காலில் பேசினாலே பேட்டரி சிவப்புக்கு வந்துவிடும். அன்றைக்கு சாயங்காலம் முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது அக்கா தூங்கிவிட்டாள். இரவு 2 மணிக்கு எழுந்து, வழக்கம்போல போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லைத் தாண்டும்போது போன் அணைந்துவிட்டது. அடுத்த அடி பாசியில். இடுப்பு எலும்பு போயிற்று. போன் கல்லில் விழுந்து பின்பக்கக் கண்ணாடி சில்லுச் சில்லாய் உடைந்தது. கையை நீட்டி அதை எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறாள், விரலெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம். காலை 5.30க்குப் பால் ஊற்றுகிற பெண் வந்து பார்க்கும் வரை மூன்றரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தாள். தெருநாய் ஒன்று வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டதாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் அவளிடம் இருந்தது நோக்கியா 1100. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2003இல் வந்த மாடல். முழுக்க பிளாஸ்டிக். தூசி புகாமல் இருக்க பட்டன்கள் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பாக இருக்கும். வியர்வைக் கையிலும் நழுவாதபடி பக்கவாட்டில் பிடிமானம். தலையில் ஒரு டார்ச். கரண்ட் நிலையில்லாத, புழுதி பறக்கிற நம்மைப் போன்ற ஊர்களுக்கென்றே யோசித்துச் செய்த போன் அது. உலகம் முழுக்க சுமார் 25 கோடி விற்றது. பேட்டரி வெறும் 850 எம்.ஏ.ஹெச்.தான், ஆனாலும் அக்கா வாரத்துக்கு இரண்டு தடவைதான் சார்ஜ் போடுவாள். பேட்டரி உப்பிவிட்டால் பெட்டிக்கடையில் வேறு வாங்கி, நகத்தால் மூடியைத் திறந்து அவளே மாற்றிவிடுவாள். "இந்தக் காயலான் சாமானையா பாட்டி வச்சிருக்க?" என்று பேரன் அதை எடுத்துப்போய்விட்டான்.

அதில் வீடியோ காலும் ஜிபேயும் வருமா என்று கேட்பீர்கள். வராது. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை நான். கொள்ளுப்பேத்தி முகத்தைத் தினம் பார்க்கிற சந்தோஷத்தை அக்காவிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வராது. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதை அது செய்கிறதா என்று பார்க்கிற புத்தியை எங்கே தொலைத்தோம் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஊர் பேருந்து நிலையம் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன் என் மாணவன். நான்காம் வகுப்பில் பென்சில் பாக்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான், அதற்காக என்னிடம் அடி வாங்கியிருக்கிறான். உடைந்த போனோடு அவனிடம் போய் உட்கார்ந்தேன். டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், கஸ்டமர் கடைக்குள்ள ரெண்டு நிமிஷம்தான் போனைத் தொடுறாங்க. பிளாஸ்டிக்னா உடனே வச்சிடுறாங்க. கண்ணாடின்னா 'நல்லா வெயிட்டா, ஜில்லுனு இருக்கு'ங்கறாங்க. பேட்டரி நல்லதா கெட்டதான்னு ரெண்டு நிமிஷத்துல எப்படித் தெரியும்? அது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்." அப்புறம் சொன்னதுதான் வேடிக்கை. "வாங்கின கையோட நூத்தம்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் பேக் கவர் கேட்பாங்க டீச்சர். போட்டுத்தான் குடுப்பேன்."

கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டு, அது உடையுமே என்று பயந்து பிளாஸ்டிக் உறை மாட்டி, கடைசி வரை பிளாஸ்டிக்கைத்தான் தொடுகிறோம். பட்டுப்புடவை வாங்கி அதன் மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவீர்களா?

இது எப்போது ஆரம்பித்தது என்று அவனிடமே கேட்டேன். அவன் சொன்ன இரண்டு மாடல்களின் விவரத்தைப் பிறகு நானும் தேடிப் படித்துச் சரிபார்த்தேன். 2014இல் சாம்சங் கேலக்ஸி எஸ்5 வந்தது. பின்மூடி பிளாஸ்டிக். நகத்தால் திறக்கலாம், 2800 எம்.ஏ.ஹெச். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், மெமரி கார்டு போடலாம். மூடி திறக்கிற போனாக இருந்தும் தண்ணீருக்குத் தாங்கியது. ஆனால் அதன் முதுகைப் பார்த்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் எஸ்6 வந்தது. உலோகச் சட்டம், முன்னும் பின்னும் கண்ணாடி. எல்லோரும் "ஆகா" என்றார்கள். பேட்டரி 2550 ஆகக் குறைந்திருந்தது, கழற்றவும் முடியாது. மெமரி கார்டுக்கு இடம் இல்லை. தண்ணீர் தாங்குவதும் போயிற்று. ஒரே வருஷத்தில் நான்கு வசதியைக் கொடுத்துவிட்டு ஒரு பளபளப்பை வாங்கிக்கொண்டோம். கம்பெனியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேலி செய்தவர்கள் வாங்குகிற நாம்தானே.

இப்போது டைட்டானியம். ஐபோன் 15 ப்ரோ 2023இல் கொண்டுவந்தது, அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவும் கொண்டுவந்தது. பேரா, இதைக் கவனமாகப் படி. டைட்டானியம் பாடி என்றால் போனைச் சுற்றியிருக்கிற விளிம்புச் சட்டம் மட்டும்தான் டைட்டானியம். முன்பக்கம் கண்ணாடி. பின்பக்கமும் கண்ணாடி. துவைக்கிற கல்லுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கத் தெரியாது.

இன்னொன்று. டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது. அலுமினியம் வேகமாகக் கடத்தும், அதனால்தான் நம் வீட்டுச் சோற்றுப் பானை அலுமினியத்தில் இருந்தது. லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. சூடு உள்ளே தங்கினால் அதன் ஆயுள் குறையும். 2025இல் ஐபோன் 17 ப்ரோவில் ஆப்பிளே டைட்டானியத்தை விட்டு அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டது. இரண்டு வருஷம் 'இதுதான் உசத்தி' என்று நம்மிடம் விற்றார்கள், அப்புறம் பானைக்கு வந்துவிட்டார்கள்!

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? நீங்கள் வண்டி ஓட்டும்போது தலையில் போடுகிற ஹெல்மெட்டின் ஓடு பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கல்லெறிக்கு எதிரே போலீஸ்காரர் பிடிக்கிற ஒளி புகும் கேடயம் பாலிகார்பனேட். அதே பாலிகார்பனேட்டில்தான் பல போன்களின் முதுகும் செய்யப்படுகிறது. அது லேசாக வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். கண்ணாடி வளையாது, உடையும். கீறல் விழாது என்பார்கள். மோ கடினத்தன்மை அளவுகோல் படித்திருப்பீர்கள்: டால்க் 1, வைரம் 10. போன் கண்ணாடியில் 6 அளவிலேயே கீறல் விழ ஆரம்பிக்கும். ஆற்று மணலில் நிறைந்திருக்கிற குவார்ட்ஸ் 7. சட்டைப்பையில் நான்கு மணல் துகள் போதும்.

"வயர் இல்லாம சார்ஜ் ஏறணும்னா கண்ணாடி வேணும் அத்தை" என்று என் தம்பி மகன் வாதாடினான். உலோக முதுகில் ஏறாது என்பது உண்மை. பிளாஸ்டிக்கில் நன்றாக ஏறும். 2012இல் வந்த நோக்கியா லூமியா 920 முழு பாலிகார்பனேட் உடம்புதான், வயர் இல்லாத சார்ஜிங் அதிலேயே இருந்தது. இதைச் சொன்னதும் "பவர் பேங்க் வாங்கிக் குடுத்துடலாம்" என்று கட்சி மாறினான். மெல்லிசான போனை வாங்கி, கூடவே ஒரு செங்கல்லைச் சுமக்கச் சொல்கிறான். 73 வயதுக்காரி இரவு 2 மணிக்கு ஒரு கையில் போன், மறு கையில் பவர் பேங்க், நடுவில் வயரோடு கொல்லைக்குப் போக வேண்டுமாம்.

அக்காவின் பழைய போனுக்குப் புது பேட்டரி போடலாமே என்றும் கேட்டேன். கடைக்கார மாணவன் விளக்கினான். பின்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய தகடு விட்டு நெம்பி எடுக்க வேண்டும். நெம்பும்போதே சில சமயம் கண்ணாடி போய்விடும். எந்தப் பாகம் முதலில் தேய்ந்துபோகும் என்று முன்கூட்டியே தெரியுமோ, அதைத்தான் திறக்க முடியாத இடத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சைக்கிள் டியூபை மாற்ற சக்கரத்தை உடைக்கச் சொன்னால் சும்மா இருப்போமா?

ஐரோப்பாவில் சும்மா இருக்கவில்லை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்குப் புது விதி. 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவாவது மிஞ்ச வேண்டும். கூடவே ஒரு லேபிள் தர வேண்டும்: ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும், கீழே விழுந்தால் எந்த அளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம். கண்ணாடியா, டைட்டானியமா, பிளாஸ்டிக்கா என்கிற கேள்வியே அந்த லேபிளில் இல்லை. நம் ஊர் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள், ஆனால் அந்த மாதிரி லேபிள் நம் பெட்டியில் இல்லை.

அந்த 800ஐ வைத்து ஒரு கணக்கு. தினம் ஒரு முழு சார்ஜ் கேட்கிற போன் அதை இரண்டேகால் வருஷத்துக்குள் முடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை கேட்கிற போனுக்கு நாலரை வருஷம் ஆகும். பெரிய பேட்டரி என்பது இன்றைய சாயங்காலத்துக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளே. நான்காவது வருஷத்து இரவு 2 மணிக்கும்தான்.

சரி, என்ன வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் முதுகு, 6000 எம்.ஏ.ஹெச். பேட்டரி. கனமாகத்தான் இருக்கிறது. "செங்கட்டி மாதிரி இருக்குடி" என்றாள் அக்கா. பேரன் பார்த்து வைத்திருக்கிற போனின் விலையில் இது ஆறு வாங்கலாம். கூடவே டார்ச் வைத்த ஒரு பட்டன் போன், ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொள்ள. பெரியதை வெள்ளிக்கிழமை காலையில் முழுதாகச் சார்ஜ் போட்டோம். தினமும் வீடியோ கால் உண்டு, நடுவில் இரண்டு பழைய படம் வேறு பார்த்தாள். இதை எழுதுகிற சனிக்கிழமை இரவு 9 மணிக்கு 38 சதவீதம் காட்டுகிறது.

பேரா, உன் மேல் பாட்டிக்கும் கோபமில்லை, எனக்கும் இல்லை. அந்தப் போனை வாங்காதே. அந்தப் பணத்தில் கொல்லை வரைக்கும் ஒரு லைட் போட வேண்டும், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க வேண்டும், பாசி பிடிக்காத தரை போட வேண்டும். கொத்தனாரிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார். எவ்வளவு ஆகும் என்று கேட்டு உனக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்