பாவித்த மோட்டார் சைக்கிளும் முதற் பதினான்கு நாட்களும்

யூபிலி மலரென்றால், கல்லூரியைத் தாபித்த பெரியோரையும், அதனைப் பேணி வளர்த்த அதிபர்களையும், பரீட்சையிலும் விளையாட்டிலும் புகழீட்டிய மாணவரையும் பற்றிய கட்டுரைகள் அதனை அணிசெய்தல் மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, பாவித்த மோட்டார் சைக்கிளொன்றை வாங்கிய இளைஞனின் முதல் நாட்களைப் பற்றி நாம் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். ஆயினும், கல்லூரியை விட்டு வெளியேறும் வன்னி இளைஞன் தன் உழைப்பினாலோ பெற்றோர் தயவினாலோ முதன்முதற் பெறும் சொத்து யாது என்று எண்ணிப் பார்ப்போமாக. அது வீடுமன்று, வயலுமன்று. முன்னரே ஒருவரோ இருவரோ ஓட்டி விற்ற மோட்டார் சைக்கிளே பெரும்பாலும் அது. அச்சொத்தை அவன் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறான் என்பதிலே அவனுடைய உயிரும், அவன் குடும்பத்தின் சேமிப்பும், சில வேளைகளில் வழியிற் செல்லும் பிறர் உயிரும் தங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சிறுபொருளென ஒதுக்குதல் தகாது.

இளைஞருக்கு மோட்டார் சைக்கிளே வேண்டாமென்று கூறும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் நியாயமானது. அவர்தம் முடிவோ வன்னி நிலத்துக்குப் பொருந்தாதது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்தது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகச் செல்லும் வீதி 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஊரும் ஊரும் வேலியோடு வேலி தொட்டுக் கிடக்க, வன்னியிலே ஊருக்கும் ஊருக்குமிடையே குளமும் வயலும் காடும் கிடக்கின்றன. பெருவீதியை விட்டு உள்ளே சென்றால், காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்ற நிலையைப் பல இடங்களிற் காணலாம். வயலுக்கு உரம் கொண்டு செல்பவரும், பால் கொண்டு செல்பவரும், கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞரும், பாடசாலைக்குப் போகும் ஆசிரியையும் இவ்வாகனத்தையே நம்பியிருக்கின்றனர். எனவே, வேண்டுமா வேண்டாமா என்பதன்று இன்றைய வினா; எவ்வாறு தொடங்குவது என்பதே வினா.

புதியதை விட்டுப் பழையதை ஏன் நாடுகின்றனர் என்பதற்கும் காரணமுண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொடங்கி ஏறக்குறைய ஐந்தாண்டுகள் நம் நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்புருவரியிலேதான் நீங்கிற்று. புதியன அரிதாகவே பழையனவற்றின் விலை ஏறிற்று. முன்னர் ஒரு போக வேளாண்மையின் வருவாயில் வாங்கக்கூடியதாயிருந்த வண்டிக்குத் தாயின் காப்பும் சங்கிலியும் அடகுக்குச் சென்ற குடும்பங்கள் உள. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலே, ஓகஸ்ட் மாதத்தில் கியூ.ஆர். முறை நாடெங்கும் வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோலே அளிக்கப்பட்டது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டியானால் அதுகொண்டு 200 கிலோமீற்றர் செல்லலாம். அந்நாட்களில் பல குடும்பங்களின் அலுவல்கள் அந்த நான்கு லீற்றரைக் கொண்டே நடந்தன. இத்துணை அருமையாக வந்துசேரும் பொருளை, வந்த அன்றே ஏ9 வீதியிலே செலுத்தி அதன் வேகத்தைச் சோதிப்பது எத்தகைய பேதைமை!

எமது கருத்து இதுவே: வண்டி கைக்கு வந்த முதற் பதினான்கு நாட்களை ஓட்டத்துக்கென்று கொள்ளாது கல்விக்கென்று கொள்ளல் வேண்டும். பதினான்கு என்னும் எண்ணை நாம் புதிதாகப் புனையவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வாகனமொன்று கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் அதனைத் திணைக்களத்துக்கு அறிவித்தற்குப் பதினான்கு நாள் தவணை அளிக்கின்றது. சட்டம் பெயர் மாற்றத்துக்கு அளித்த அதே தவணையை, வண்டியை அறிதற்கும் ஓட்டப் பழகுதற்கும் நாம் கொள்வோமாயின் பல துன்பங்கள் நீங்கும்.

முதலாவது, பெயர். நம் ஊர்களிலே ‘ஓபின் பேப்பர்’ என்றொரு வழக்கம் வேரூன்றியுள்ளது. விற்பவர் மாற்றப் பத்திரத்திற் கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். அப்பத்திரம் கைக்குக் கை மாறுகிறது; பதிவிலோ முதலாமவர் பெயரே நிலைக்கிறது. செலவும் அலைச்சலும் மிச்சமென்று இதனைப் புத்திசாலித்தனமாகக் கருதுவோர் பலர். ஆனால், விபத்தொன்று நேர்ந்தால் பொலிசார் முதலிற் தேடிச் செல்வது பதிவிலே பெயருள்ளவரையே. வண்டி களவு போனால் அதனைத் தன்னுடையதென்று நிலைநாட்ட முடியாது இடர்ப்படுபவர் வாங்கியவரே. போர் ஓய்ந்தபின் வன்னி நகரங்களில் லீசிங் கம்பனிகள் பல கிளைகளைத் திறந்தன. தவணைப் பணம் முடியாத வண்டியிலே கம்பனியின் உரிமை பதிவிற் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பாராது பணங்கொடுத்தவன், பிறர் கடனுக்காகத் தன் வண்டியை இழக்க நேரிடலாம். பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒப்புநோக்கல், வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று என்பவற்றின் திகதிகளைப் பார்த்தல் ஆகிய இவை பணங்கொடுக்குமுன் செய்யவேண்டியவை. 2009 ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காற் பகுதியிலே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் உரியவரின்றிக் குவிந்து துருவேறிக் கிடந்த காட்சியை நம் மக்கள் மறந்திலர். அத்தகைய இழப்பைக் கண்ட நாம், ஒரு பொருள் நம்முடையதென்பதற்கு எழுத்திலே சான்று வைத்திருத்தலின் அருமையை ஏனையோரினும் நன்கு உணர்தல் வேண்டாவோ?

இரண்டாவது, வண்டியை அறிதல். 1990 ஆம் ஆண்டின் பின் வடக்கிலே எரிபொருட் தடை நிலவிய காலத்தில், நம் மூத்தோர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டினர். சில துளி பெற்றோலைக் கொண்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பிளக்கைக் கழற்றிக் கரிநீக்குதலும் காபரேற்றரைத் துப்புரவாக்குதலும் அவர்களுக்கு அன்றாடக் கடமைகள். வறுமையும் முற்றுகையும் கற்பித்த கல்வி அது; அத்தகைய காலம் மீளவேண்டுமென்று எவரும் விரும்பார். எனினும், தம் வண்டியின் ஒவ்வோருறுப்பையும் அறிந்திருந்த அத்தலைமுறையின் அறிவு, பொத்தானை அழுத்த மட்டும் அறிந்த இத்தலைமுறைக்கும் வேண்டப்படுவதே.

ஆதலின், முதல் மூன்று நான்கு நாட்களில் நம்பிக்கையான கறாச் ஒன்றிலே வண்டியைக் காட்டி, வேலை முடியும்வரை அருகிலிருந்து பார்த்துக் கற்றல் நன்று. பழைய ஒயிலை மாற்றுதல் முதல் வேலையாகுக. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் பார்க்கவேண்டும்; நீலப் புகை இடைவிடாது வருமாயின் ஒயில் எரிகின்றதென அறிக. செயின் மிகத் தளரவும் கூடாது, மிக இறுகவும் கூடாது. சிறு வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு நடுவிலே ஓரங்குல அளவு அசைவு போதும். ரயரின் பூ தேய்ந்துள்ளதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அதன் பக்கத்திலே நான்கிலக்க எண்ணொன்று பொறித்திருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். பூ நன்றாயிருந்தும் முதுமையாற் கல்லாகிப்போன ரயர், மழைநாளிலே பிடிப்பின்றி வழுக்கும்.

மூன்றாவது, ஓட்டப் பழகுதல். பதினெட்டு வயதும் அனுமதிப்பத்திரமும் இன்றி வீதியில் ஓட்டுதல் கூடாதென்பது யாவரும் அறிந்ததே. அறிந்தும் மீறப்படுவதே துயரம். அனுமதிப்பத்திரம் பெற்றவனும், இன்னொருவருடைய வண்டியிற் பழகியவனாதலின், தன் வண்டிக்குப் புதியவனே. ஒவ்வொரு வண்டியின் கிளச்சும் பிறேக்கும் வேறு வேறு இடத்திற் பிடிக்கும். முதற் சில நாட்கள் மைதானத்திலோ ஆளரவமற்ற உள்வீதியிலோ மெல்ல ஓட்டி, நிறுத்தி, மீண்டும் ஓட்டிப் பழகுக. விரைந்து ஓட்டுதல் எளிது. நடைவேகத்திலே கால் ஊன்றாது ஓட்டுதலே அரிது. அதனைக் கற்றவனே வண்டியை ஆள்பவன்.

முன்பிறேக்கைப் பிடித்தால் தலைகீழாக விழ நேரும் என்றஞ்சிப் பின்பிறேக்கை மட்டும் மிதித்துப் பழகுவோர் நம் ஊர்களிற் பலர். பிறேக்குப் பிடிக்கும்போது பாரம் முன்சில்லின்மேற் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வலு பெரிதும் முன்சில்லிலேயே உண்டு. இரண்டையும் ஒருங்கே, முன்னதைச் சிறிது சிறிதாக இறுக்கிப் பழகவேண்டும். கிரவல் வீதியிலும் மணலிலும் முன்னதை மிக மென்மையாகக் கையாளவேண்டும். கணிதம் பயிலும் மாணவர் இதனையும் கணித்துப் பார்க்க. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு செக்கனிலே ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறான். 70 கிலோமீற்றரில் ஏறக்குறைய 19 மீற்றர். கண் கண்டதைக் கை உணர்ந்து பிறேக்கைப் பிடிக்குமுன் ஒரு செக்கன் கழிந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால், பிறேக்குப் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இயற்கையின் இவ்விதி இளமைக்கென்றும் துணிவுக்கென்றும் தளர்வதில்லை.

வன்னி வீதிகளுக்கே உரிய இடர்களும் சில உள. இரவிலே மாடுகள் தார் வீதியின் சூட்டை நாடிவந்து படுத்திருக்கும். கறுத்த மாடு வெளிச்சத்துக்கு எட்டுமுன் வண்டிக்கு எட்டிவிடும். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியோரமெங்கும் நெல் காயும். அதன்மேற் சில்லேறினால் மணலைப் போலவே வழுக்கும். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையிலும், 2011 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திலும், சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டிலே தள்ளும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுவீதிகளில் மாலைக்குப்பின் யானை குறுக்கிடலாம். 2014 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடுகின்ற புகையிரதத்தின் பாதையைக் காவலற்ற கடவைகளிற் கடப்போர், இருபுறமும் நின்று நோக்கிச் செல்லல் வேண்டும். இவை யாவும் முதற் பதினான்கு நாட்களிற் பகல் வெளிச்சத்திலே, தனியே, பின்னால் எவரையும் ஏற்றாது கண்டறியத் தக்கவை.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற ரி. இ. லோரன்ஸ் 1935 ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புற வீதியொன்றிலே மோட்டார் சைக்கிள் விபத்திற் தலையடிபட்டு, ஆறு நாட்களின்பின் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவருள் ஒருவரான ஹியூ கெயான்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், அம்மரணத்தால் உள்ளந் தூண்டப்பெற்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தலைக்கவசம் உலகெங்கும் பரவியதற்கு அவ்வாராய்ச்சி ஒரு காரணமாயிற்று. நம் இளைஞரோ அதனைக் கண்ணாடியிலே மாட்டியும், பொலிசாரைக் கண்டவிடத்துத் தலையிற் கவிழ்த்தும், வார் பூட்டாதும் செல்கின்றனர். வார் பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னரே தரையைச் சென்றடையும்.

“நாளைக்கே வேலைக்குப் போகவேண்டும், பதினான்கு நாள் பொறுத்தல் எப்படி?” என்று வினவுவோர்க்கு எமது விடை இது. வேலைக்குச் செல்லுதலை நாம் தடுக்கவில்லை. அறிந்த வழியிலே, பகலிலே, மெதுவாக, தனியே செல்க. இரவோட்டமும், நெடுந்தூரமும், நண்பரை ஏற்றுதலும், போட்டியும் பதினைந்தாம் நாள்வரை பொறுத்திருக்கட்டும். பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கி வண்டியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாகாது. பெயர் மாறிய பத்திரத்தைக் கண்ணாற் கண்டபின்னரே திறப்பைக் கையிற் கொடுத்தல் நன்று. இவை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, ஸ்கூட்டர் ஓட்டும் பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் மாள்கின்றனர். அவருட் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளிற் சென்றோர். போரிலே ஒரு தலைமுறையை இழந்த வன்னி, எஞ்சியோர் பெற்ற பிள்ளைகளை வீதியிலே இழத்தல் தகுமோ?

இறுதியாகப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவரிடையே கறாச் நடத்துவோரும், பொலிஸ் சேவையிலுள்ளோரும், வைத்தியரும் தாதியரும் உளர். ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்தபின் இரண்டு சனிக்கிழமைகளிற் கல்லூரி மைதானத்தைத் திறந்து, சுண்ணாம்பினால் எட்டு வடிவிலே கோடிட்டு, பதினெட்டு வயது நிரம்பிய மாணவருக்கு மெல்ல ஓட்டவும் நிறுத்தவும், பத்திரம் பார்க்கவும், காயமுற்றவனைத் தூக்கவும் கற்பித்தல் இவர்களுக்கு அரிய செயலன்று. பெரும் பணமும் வேண்டுவதில்லை. மண்டபமும் மதிலும் கட்டிக் கல்லூரிக்கு அளித்தல் சிறப்பே. அம்மண்டபத்திலிருந்து வெளியேறிய பிள்ளை அடுத்த யூபிலிக்கும் உயிரோடு வந்து அமர வழிசெய்தல் அதனினும் சிறப்பு. சங்கத்தார் இதனை மனங்கொண்டு, வரும் ஆண்டிலேயே தொடங்குவாராக.