தொண்டுக்குத் தரகு எதற்கு?

ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தோற்றுவித்த தொண்டர் திட்டத்தில் சேர்ந்து அயல்நாடு செல்ல விரும்பும் டில்லித் தமிழ் இளைஞர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவன் தரகனல்ல, மோசக்காரன். ஊரில் நகையை அடகு வைத்து அவனிடம் கொடுப்பது பரிதாபம்.

கிடைப்பதும் சம்பளமல்ல, வாழ்க்கைச் செலவுக்கான படிதான். கடனடைக்கப் போகிறவருக்கு இது வழியல்ல. ஒப்பந்தம் முடிந்தால் ஐ.நா.வில் நிரந்தர வேலை நிச்சயம் என்பதும் வீண்பேச்சு. நியமனம் உறுதியாகுமுன் குமாஸ்தா வேலையை ராஜிநாமா செய்வது அவசரபுத்தி.

மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோர் மந்திர் மார்க் தடுப்பூசி நிலையத்துக்குக் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும்.