தண்டுவடக் காயமும் மறுவாழ்வும்

மரத்தினின்று வீழ்ந்தோ, வாகன விபத்திற் சிக்கியோ தண்டுவடம் நைந்தவரைக் குறித்து உற்றார் முதலில் எழுப்பும் வினா, “மீண்டும் நடப்பாரா?” என்பதே. அவ்வினாவில் அன்பு உண்டு. எனினும் முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவன்று என்பது என் கருத்து.

முறிந்த எலும்பு கூடுகின்றது. தண்டுவடத்துள் அறுந்த நரம்பிழைகளோ அவ்வாறு தாமே கூடுவதில்லை. அங்குள்ள சில புரதங்களும் காயவடுவும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இத்தடையை வெல்லவே ஆய்வுகள் நிகழ்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்த்தீன், ஜோசலின் புளோக் ஆகியோர், காயமுற்று நான்காண்டுகள் கடந்த மூவருக்குத் தண்டுவடத்தின்மேல் மின்முனைகள் பொருத்தி நடக்கச் செய்ததை 2018இல் வெளியிட்டனர். மின்கருவியைக் கண்டு வியந்தோர் பலர். அதனோடு மாதக்கணக்கில் நடைபெற்ற பயிற்சியை எண்ணியோர் சிலரே. அப்பயிற்சிக்குப் பின்னரே, மின்துடிப்பை நிறுத்தியபோதும் கால்களை விரும்பியவாறு அசைக்கும் ஆற்றல் ஓரளவு மீண்டது. மூட்டுகள் இறுகி, முதுகெல்லாம் புண்ணாகிக் கிடக்கும் உடலுக்கு எக்கருவி என்ன செய்யும்?

முன்னாளில் இக்காயமுற்ற போர்வீரருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிற் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கச் செய்தார். பின்னர்த் தொழிலும் விளையாட்டும் பயிற்றுவித்தார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளிலேயே பதினாறு பேரைக் கொண்டு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்றைய பாராலிம்பிக்கின் வித்து.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். நடக்கும் நாளை எதிர்நோக்கி அவர் காத்திருக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1966இல் அங்கே தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. அவர் கால்கள் இறுதிவரை நடக்கவில்லை. அவரால் எழுந்து உட்கார்ந்தோர் எண்ணற்றோர்.

ஆய்வு வேண்டாமென்பதன்று என் வாதம். அதன் பயன் வரும்வரை உயிரையும் உடலையும் காப்பது மறுவாழ்வுப் பயிற்சியே. வந்தபின் அப்பயனை உடலிற் பதிப்பதும் அதுவே. நம் ஊர்களிலோ, அறுவை மருத்துவத்திற்கென்றால் பெரியோர் கூடிப் பொருள் திரட்டுகின்றனர். அம்மனிதர் வீடு திரும்பியபின் காற்றுமெத்தைக்கும், அளவொத்த சக்கர நாற்காலிக்கும், வாயிலிற் சாய்தளத்திற்கும், இயன்முறை மருத்துவரின் ஊதியத்திற்கும் முன்வருவோர் அரியர். கழிவறை வாயிலை அரையடி அகலமாக்கக் கொத்தனாருக்கு ஒருநாட் கூலி போதும். அதற்கும் ஆளில்லாமற் படுக்கையிலேயே முடங்கிய இளைஞர் உண்டு.

கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் வந்து சேர்ந்தால் அவர்தம் வகுப்பை மாடியினின்று கீழ்த்தளத்திற்கு மாற்ற எத்தனை நாள் ஆகும் என்பதை, அவர் வருமுன்னரே நாம் கணக்கிட்டு வைக்கலாம்.