எல்லோருக்கும் ஒரே அளவு

இன்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதர்போர்டு வாங்கி, இருபது ஆண்டு பழைய ஏடிஎக்ஸ் கேபினெட்டுக்குள் வைத்துப் பாருங்கள். திருகுத் துளைகள் அநேகமாக அப்படியே பொருந்தும். புதிய கிராபிக்ஸ் கார்டின் நீளம் இடிக்கலாம், அது வேறு விஷயம். போர்டைச் செய்தவரும் கேபினெட்டைச் செய்தவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுக் குறிப்புதான் இருவருக்கும் பொது: போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ., துளைகள் இன்னின்ன இடத்தில். ஒருவர் வீட்டு மேசையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு கணினி கூட்ட முடிகிறது என்றால், அதில் அவர் கைத்திறன் பாதிதான். யாரோ தங்கள் அளவுகளைப் பூட்டி வைக்காமல் ஊருக்குச் சொன்னது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வீட்டில் கணினி கூட்டும் வழக்கம் அதைவிடப் பழையது. 1975 ஜனவரி ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய எம்ஐடிஎஸ் என்ற சிறு நிறுவனம், 400 டாலர்கூட வாங்காமல் அதன் உதிரிப் பாகங்களைத் தபாலில் அனுப்பியது. வாங்கியவர் சால்டரிங் அயனைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். அத்தனையும் முடித்தால் கையில் இருப்பது கீபோர்டும் திரையும் இல்லாத ஒரு பெட்டி. முன்பக்கம் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும், உள்ளே 256 பைட் நினைவகம். அதற்கே ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டுக்குள் ஹோம்ப்ரூ கணினி மன்றம் கூடத் தொடங்கியது. ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னாளில் ஆப்பிள் 1 ஆன தன் சுற்று வரைபடத்தை அங்கிருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்.

ஆனால் நாம் இன்று கூட்டும் டெஸ்க்டாப்பின் வம்சம் 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பிசியிலிருந்து வருகிறது. ஐபிஎம்முக்கு அப்போது அவசரம். ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் இருந்த சிறு குழுவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஓர் ஆண்டு. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லாததால் சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டினார்கள்: பிராசசர் இன்டெல் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட். உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். அவற்றில் செருகும் கார்டுகளைப் பிறரும் செய்ய வேண்டும் என்பதற்காகச் சுற்று வரைபடங்களையும், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளின் முழு வரிகளையும் கையேடாக அச்சிட்டே விற்றார்கள். படிக்கலாம், பதிப்புரிமை இருந்ததால் நகலெடுக்க முடியாது.

அந்தப் பூட்டைத் திறந்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. காம்பேக் நிறுவனத்தில் பொறியாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல வரிகளைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும் மென்பொருளைப் புதிதாக எழுதியது. திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் எழுதிய பயாஸைக் கேட்டவர்களுக்கெல்லாம் விலைக்குக் கொடுத்தது. தைவானின் சிறு பட்டறைகளும் இனி ‘ஐபிஎம் கம்பேட்டிபிள்’ போர்டு செய்யலாம் என்றானது அதன் பிறகுதான்.

ஐபிஎம் 1987-இல் கதவை மீண்டும் மூடப் பார்த்தது. பிஎஸ்/2 வரிசைக்கு மைக்ரோ சேனல் என்ற புதிய இணைப்பு முறையைக் கொண்டுவந்து, அதைப் பயன்படுத்த விரும்பியவர்களிடம் ராயல்டி கேட்டது. பழைய கார்டுகள் அதில் ஏறாது. அடுத்த ஆண்டே காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய கார்டுகளும் ஏறக்கூடிய மாற்று முறையை அறிவித்தன. மைக்ரோ சேனல் நிலைக்கவில்லை.

தொண்ணூறுகளில் கணினி கூட்டியவர்களுக்கு ஜம்பர் என்றால் தெரியும். விரல் நுனி அளவுகூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் தொப்பிகளை இடம் மாற்றித்தான் பிராசசரின் வேகத்தைக்கூடப் போர்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சவுண்டு கார்டும் மோடமும் பிராசசரை அழைப்பதற்கான ஒரே ஐஆர்க்யூ எண்ணைக் கேட்டால் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்களைக் கறுப்பு வயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு போயிற்று. ஏடிஎக்ஸ் அந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் வடிவத்தைக் கொடுத்தது. எனக்கு இது சிறு விஷயமாகத் தெரியவில்லை. முதன்முறை கூட்டுபவரின் நடுங்கும் கையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அளவுக் குறிப்பு அது.

நம் நாட்டுக்கு இது வந்து சேர அரசாங்கக் காகிதங்களும் வேண்டியிருந்தன. 1984 நவம்பரின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1991-இன் பொருளாதாரத் தாராளமயமாக்கல் மேலும் திறந்துவிட்டது. 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர, 2005-க்குள் அதிலடங்கிய பொருள்களின் இறக்குமதி வரி பூஜ்யத்துக்கு வந்தது. ரேடியோ பாகங்கள் விற்ற ரிச்சி தெரு, ராம் என்ற நினைவகத்தையும் ஹார்ட் டிஸ்க்கையும் விற்றது. ‘பிராண்டட்’ வாங்க முடியாத குடும்பங்களுக்கு ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ கிடைத்தது. எத்தனையோ டிடிபி கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் பிழைத்தன. இந்த மாதம் போர்டும் பிராசசரும், போனஸ் வந்தால் கூடுதல் ராம் என்று தவணை தவணையாகக் கணினியை வளர்க்க முடிந்தது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இப்போது அந்த வசதி சுருங்குகிறது. 2020-இல் ஆப்பிள் தன் எம்1 சில்லோடு நினைவகத்தையும் ஒரே பொதிக்குள் வைத்தது. வாங்கியபின் ஒரு ஜிபி கூடக் கூட்ட முடியாது. பயனரே கழற்றி மாட்டும் மடிக்கணினிகளுக்குப் பேர்பெற்ற ஃபிரேம்வொர்க் 2025-இல் அறிவித்த டெஸ்க்டாப்பிலும் ராம் பற்றவைத்ததுதான். இதற்கு உண்மையான காரணமும் உண்டு: பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே தூரம் குறைந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. அதோடு விஷயம் முடிந்தது என்பதை மறுக்கிறேன். 2023 டிசம்பரில், நினைவகங்களுக்குப் பொது அளவு வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேம்2 என்ற பொது அளவை வெளியிட்டது. தட்டையான நினைவகத் தகடு, திருகால் இறுக்குவது, கழற்றக்கூடியது. பற்றவைக்கும் வகை நினைவகத்தையும் அதில் ஏற்றலாம். வேகத்தையும் விடாமல் திருகையும் விடாமல் இருக்க வழி உண்டு. கேட்பவர்தான் வேண்டும்.

கேட்கும் பலம் நம் அரசுக்கு இருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வாங்கியிருக்கிறது. பள்ளி ஆய்வகங்களுக்கும் கணினி வாங்குகிறது. இனி போடும் ஒவ்வொரு டெண்டரிலும், ராமும் சேமிப்பகமும் கழற்றி மாற்றத்தக்கவையாக, பொது அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயமாக இடம்பெற வேண்டும். தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் இதை எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும்.